கடைமடைக்கும் காணொளி போய்ச் சேர

இணையத்தில் ஒரு காணொளி தடங்கலின்றி ஓட வேண்டுமானால், அது விநாடிக்குக் கேட்கும் தரவைவிட இணைப்பு விநாடிக்குத் தரும் தரவு அதிகமாக இருக்க வேண்டும். குறைந்தால் படம் நின்று நின்று வரும். திரையின் நடுவில் வட்டம் சுற்றும். ஒரு காணொளி எவ்வளவு தரவு கேட்கும் என்பதைத் தீர்மானிப்பவை மூன்று: படத்தில் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை, படத்தைச் சுருக்கப் பயன்படும் முறை, படத்துக்குள் இருக்கும் அசைவு. இவற்றில் முதலாவதைப் பற்றி மட்டும்தான் ஊரில் பேச்சு. "ஹெச்.டி.யில் போடு" என்பதோடு அதுவும் முடிந்துவிடுகிறது. காவிரி டெல்டாவின் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களின் கிராமங்களில் வேளாண் காணொளி பார்ப்பவர்களுக்கும் அதைத் தயாரித்து ஏற்றுபவர்களுக்கும் மற்ற இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் அலகு. விளம்பரத்தில் வரும் '100 மெகாபிட் வேகம்' என்பது விநாடிக்கு 100 மெகாபைட் அல்ல. எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆகவே அந்த இணைப்பில் விநாடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும். நிறுவனங்கள் வேகத்தைப் பிட்டில் சொல்கின்றன. ரீசார்ஜ் திட்டத்தின் டேட்டாவை பைட்டில் விற்கின்றன. வாடிக்கையாளர் குழம்புவதற்கு இந்த ஒரு வழக்கமே போதும்.

காணொளியின் தரத்தைக் குறிக்கும் எண், படத்தில் எத்தனை கிடைவரிசைகள் உள்ளன என்பதைச் சொல்கிறது. 1080 பி என்றால் 1,920 புள்ளிகள் கொண்ட 1,080 வரிசைகள். மொத்தம் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். 144 பி என்றால் 256 புள்ளிகள் கொண்ட 144 வரிசைகள். 37 ஆயிரம் புள்ளிகள்கூட இல்லை. ஒவ்வொரு தரத்துக்கும் தொடர்ந்து கிடைக்க வேண்டிய வேகத்தை யூடியூப் தன் பயனர்களுக்குச் சொல்லியிருக்கிறது: 360 பி-க்கு 0.7 மெகாபிட், 480 பி-க்கு 1.1, 720 பி-க்கு 2.5, 1080 பி-க்கு 5, 4கே-க்கு 20. இந்தக் கணக்கில் 'தொடர்ந்து' என்ற சொல்லுக்குத்தான் எடை அதிகம். பரிசோதனைச் செயலியில் ஒரு நொடி 30 மெகாபிட் காட்டி, அடுத்த நொடி அரை மெகாபிட்டுக்கு இறங்கும் இணைப்பைவிட, இடைவிடாமல் 3 மெகாபிட் தரும் இணைப்பில் படம் நன்றாக ஓடும்.

இதே எண்களை மணிக் கணக்குக்கு மாற்றினால், செலவு எவ்வளவு என்று தெரியும். 1080 பி-யில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2.25 ஜி.பி. ஆகும்; 480 பி-யில் அரை ஜி.பி.; 360 பி-யில் 315 எம்.பி. நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. தரும் திட்டம், 1080 பி-யில் 40 நிமிடத்தில் தீர்ந்துபோகும். 480 பி-யில் மூன்று மணி நேரம் வரும். பரிந்துரைக்கப்படும் வேகத்தில் கொஞ்சம் கைமிச்சம் வைத்திருப்பார்கள் என்பதால், உண்மைச் செலவு இதைவிடக் குறையலாம். ஆனால் விகிதம் மாறாது.

இவ்வளவு செலவழித்து வரும் கூடுதல் புள்ளிகள் கண்ணுக்குத் தெரிகின்றனவா என்பது அடுத்த கேள்வி. ஆறு அங்குலக் கைப்பேசியைக் கை நீட்டிய தூரத்தில் பிடித்துப் பார்க்கும்போது 720 பி-க்கும் 1080 பி-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கடினம். 'ஹெச்.டி. ரெடி' என்று விற்கப்படும் 32 அங்குலத் தொலைக்காட்சிகளில் பலவற்றில் திரையே 1,366 புள்ளிக்கு 768 புள்ளிதான். அந்தத் திரைக்கு 1080 பி அனுப்பினால், வந்து சேர்ந்த புள்ளிகளில் பாதியைப் பெட்டியே கழித்துவிடும். கூடத்தில் பெரிய திரையும் வீட்டுக்கு ஃபைபர் இணைப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமே 1080 பி-யும் அதற்கு மேலும் பொருளுள்ளவை.

புள்ளிகளை அப்படியே அனுப்புவது நடக்காத காரியம். 1080 பி படத்தைச் சுருக்காமல், விநாடிக்கு 30 சட்டகம் (ஃப்ரேம்) வீதம் அனுப்பினால் விநாடிக்கு ஏறத்தாழ 1,500 மெகாபிட் தேவைப்படும். அது 5 மெகாபிட்டில் அடங்குகிறது என்றால் முந்நூறில் ஒரு பங்காகச் சுருக்கப்பட்டிருக்கிறது. ஒரு சட்டகத்தை முழுதாக அனுப்பிவிட்டு, அடுத்து வருபவற்றில் மாறிய இடங்களை மட்டும் அனுப்புவதுதான் இதன் அடிப்படை உத்தி. மாற்றம் குறைவு என்றால் தரவும் குறைவு.

திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நாளில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் பாடும் வித்வான்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். தாளம் போடும் கைகளும் வாயும்தான் அசைகின்றன. பந்தலும் பின்னணியும் அப்படியே இருக்கின்றன. கேமராவை ஓரிடத்தில் நிறுத்தி எடுத்தால், குறைந்த தரவிலேயே இந்தக் காட்சி தெளிவாக வந்து சேரும். இதற்கு நேர்மாறானது கதிர் வாங்கும் பருவத்துச் சம்பா வயல். காற்றடித்தால் வயலில் உள்ள ஒவ்வொரு தாளும் தனித்தனியாக அசைகிறது. ஒரு சட்டகத்திலிருந்து அடுத்ததற்கு மாறாத இடமே இல்லை. கல்லணை மதகில் நுரைத்துப் பாயும் தண்ணீரும், ஐப்பசி மழையும் இப்படித்தான். சுருக்கும் மென்பொருள் கைவிரித்துவிட, படம் பச்சைக் கட்டங்களாகச் சிதறுகிறது. நெல் வயலைக் காட்டும் காணொளிக்கு, அதே 480 பி-யில் ஒருவர் உட்கார்ந்து பேசும் காணொளியைவிடக் கூடுதல் தரவு தேவை. நெட்பிளிக்ஸ் நிறுவனம் 2015 இறுதியில், எல்லாப் படத்துக்கும் ஒரே அளவு என்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு படத்தின் இயல்பையும் ஆராய்ந்து தரவு ஒதுக்கும் முறைக்கு மாறியது இதனால்தான்.

கச்சேரி கேட்பவர்கள் கவலைப்படத் தேவையில்லாத விஷயம் ஒன்று உண்டு. யூடியூப் போன்ற தளங்கள் ஒலியைப் படத்திலிருந்து பிரித்துத் தனியாகவே அனுப்புகின்றன. ஒலிக்குப் பெரும்பாலும் 128 கிலோபிட் அளவே போதும். படத்தை 144 பி-க்கு இறக்கினாலும் பாட்டு பெரிதாகக் கெடாது. ஆராதனையைக் கேட்பதற்காக 1080 பி வைத்திருப்பது வீண் செலவு.

சுருக்கும் முறைகளும் பலவகை. 2003-இல் வந்த ஹெச்.264 இன்றும் ஏறக்குறைய எல்லாக் கருவிகளிலும் ஓடும். 2013-இல் வந்த ஹெச்.இ.வி.சி., அதே தெளிவைப் பாதித் தரவில் தருவதை இலக்காகக் கொண்டு உருவாக்கப்பட்டது. அதே ஆண்டில் கூகுளின் விபி9 வந்தது. 2018-இல் பல நிறுவனங்கள் கூடி வெளியிட்ட ஏவி1 இவற்றைவிடவும் தரவை மிச்சப்படுத்தும். ஆனால் மிச்சத்துக்கு ஒரு விலை இருக்கிறது: சுருக்கியதை விரிக்கும் வேலை கைப்பேசியின் தலையில் விழுகிறது. புதிய கைப்பேசிகளில் அதற்கென்றே சில்லு உண்டு. பழைய கைப்பேசி அதை மென்பொருளால் செய்ய முயன்று சூடாகும், பேட்டரி இறங்கும், படம் வெட்டி வெட்டி வரும். குறை இணைப்பிலா, கருவியிலா என்று கண்டுபிடிப்பது எளிது. வட்டம் சுற்றி, ஒலியும் படமும் சேர்ந்து நின்றால் இணைப்பு போதவில்லை. ஒலி தடையின்றி ஓட, படம் மட்டும் திக்கினால் கைப்பேசியால் தாங்க முடியவில்லை. யூடியூப் அமைப்புகளில் 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்ற வசதியைத் திறந்தால், எந்த முறையில் சுருக்கப்பட்ட படம் ஓடுகிறது, எத்தனை சட்டகங்கள் தவறிப்போயின என்று பார்க்கலாம். எம்.பி.4 என்ற பெயரைப் பார்த்து நம்பிவிடுவதில் பயனில்லை. அது வெறும் உறை. உள்ளே ஹெச்.264-உம் இருக்கலாம், பழைய கைப்பேசியில் திறக்கவே திறக்காத வேறொன்றும் இருக்கலாம்.

இனி இணைப்பு. இந்தியாவில் 2004-ஆம் ஆண்டின் அகண்ட அலைவரிசைக் கொள்கை, விநாடிக்கு 256 கிலோபிட் கிடைத்தாலே அது 'பிராட்பேண்ட்' என்றது. 2013-இல் இது 512 கிலோபிட் ஆனது. 2023 ஜனவரியில்தான் 2 மெகாபிட் ஆனது. அதாவது, இன்றைய அரசு வரையறைப்படி பிராட்பேண்ட் என்று அழைக்கத் தகுதியுள்ள ஓர் இணைப்பில் 720 பி காணொளி தடையின்றி ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு டேட்டாவின் விலை சரிந்தது. 2022 அக்டோபரில் 5ஜி தொடங்கியது. விலை இறங்கியதையும் தலைமுறை எண் ஏறியதையும் வைத்து எல்லா ஊரிலும் வேகம் வந்துவிட்டதாகத் தலைநகரங்களில் நினைக்கிறார்கள்.

கைப்பேசிக் கோபுரத்தின் அலைவரிசை பொதுச் சொத்து. அந்த நேரத்தில் இணைந்திருக்கும் எல்லோருக்கும் அது பங்கிடப்படுகிறது. கோபுரத்துக்கு அருகில் உள்ளவர்களுக்கு முழு வீச்சும், தள்ளி இருப்பவர்களுக்கு மிச்சமும் கிடைப்பது, முறை வைத்துத் திறந்த ஆற்றில் தலைமடையும் கடைமடையும் படும் பாட்டைப் போன்றதுதான். மாலை ஏழு மணிக்கு மேல் ஊரே கைப்பேசியும் கையுமாக உட்காரும்போது, மதியம் 720 பி ஓடிய இடத்தில் 360 பி-யே திணறும். ஆகவே வேகத்தைப் பரிசோதிப்பவர்கள் காலையில் ஒரு முறை பார்த்துவிட்டு முடிவுக்கு வருவது தவறு. வழக்கமாகக் காணொளி பார்க்கும் நேரத்தில், பார்க்கும் இடத்திலேயே சில நாள் பரிசோதித்து, கிடைத்தவற்றில் குறைந்த எண்ணை எடுத்து, அதில் பாதிக்குள் அடங்கும் தரத்தைத் தேர்வது பாதுகாப்பானது. 2 மெகாபிட்டுக்குக் குறையாத இடத்தில் 360 பி. இரண்டேகால் மெகாபிட்டைத் தாண்டினால் 480 பி. 5 மெகாபிட்டுக்கு மேல் நிலையாக இருந்தால் 720 பி.

இதையெல்லாம் செயலியே பார்த்துக்கொள்ளாதா? ஓரளவு பார்த்துக்கொள்ளும். ஆப்பிள் 2009-இல் கொண்டுவந்த ஹெச்.எல்.எஸ். முறையும், 2012-இல் உலகத் தரமாக வெளியான டாஷ் முறையும் காணொளியைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் வைத்திருக்கின்றன. இணைப்பின் வேகத்தைப் பார்த்து அடுத்த துண்டை எந்தத் தரத்தில் எடுப்பது என்று செயலி முடிவு செய்கிறது. 'ஆட்டோ' என்பது இதுதான். வேகம் குறையும்போது படத்தை மங்கலாக்கி ஓட்டத்தைக் காப்பாற்றுவதில் இது கெட்டி. ஆனால் அதற்கு வேகம் தெரியுமே தவிர பையில் உள்ள காசு தெரியாது. வேகம் இருக்கும் இடத்தில் டேட்டாவை அள்ளிக் குடித்துவிடும். மறுபக்கம், கையால் 1080 பி என்று நிலைநிறுத்தினால், இறங்கி வரும் வாய்ப்பும் போய்விடுகிறது, படம் நின்றுவிடும். யூடியூபில் மொபைல் டேட்டாவுக்கு ஒரு விருப்பமும் வைஃபைக்கு வேறொரு விருப்பமும் தனித்தனியே வைக்கலாம். முன்னதற்கு 'டேட்டா சேவர்', பின்னதற்கு 'ஆட்டோ' என்று வைப்பது டெல்டா கிராமங்களில் பெரும்பாலானோருக்குப் பொருந்தும். வைஃபை இருந்தும் படம் திக்கும் வீடுகளில் வெளியிணைப்பைக் குறை சொல்லுமுன் ரௌட்டர் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது நல்லது. பழைய வீடுகளின் தடித்த செங்கல் சுவர் இரண்டைத் தாண்டினாலே அலை வலுவிழந்துவிடும்.

இவ்வளவும் பார்ப்பவர் செய்ய வேண்டியவை. காணொளி தயாரிப்பவர் செய்ய வேண்டியது இதைவிட அதிகம். புகையான் என்று விவசாயிகள் சொல்லும் பழுப்புத் தத்துப்பூச்சியை எடுத்துக்கொள்ளலாம். நெற்பயிரின் தூரில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி அமர்ந்து சாறு உறிஞ்சும் இந்தப் பூச்சியின் நீளம் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். ஒரு மீட்டர் அகல வயலைத் திரை முழுக்கக் காட்டினால், 144 பி-யில் ஒரு புள்ளி ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டரைக் குறிக்கும். பூச்சி முழுவதும் ஒரே புள்ளி. தூசியா, பூச்சியா என்று யாராலும் சொல்ல முடியாது. 360 பி-யில் அது இரண்டு புள்ளி. 1080 பி-யிலும் ஆறிலிருந்து எட்டுப் புள்ளிகள்தான். அதே பூச்சியை, பயிரை விலக்கிக் கேமராவை நெருக்கிக் கொண்டுபோய், பத்து சென்டிமீட்டர் அகலமே திரையில் வரும்படி எடுத்தால், 360 பி-யிலேயே ஏறத்தாழ 20 புள்ளிகளாவது தெரியும். அலைவரிசையால் தர முடியாததை ஒளிப்பதிவாளரின் கை தந்துவிடுகிறது. வயலை அகலமாகக் காட்டி, அலுவலர் வரப்பில் நின்று பேசி, 1080 பி-யில் ஏற்றப்படும் காணொளிகள் கடைசியில் விவசாயிக்கு எதையும் காட்டுவதில்லை.

இலையில் விழும் குலைநோய்ப் புள்ளியை அடையாளம் காட்டக் காணொளியே தேவையில்லை. நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பும் கொண்ட, கண் வடிவிலான அந்தப் புள்ளியை 200 கிலோபைட் நிழற்படம் ஒன்று காணொளியைவிடத் தெளிவாகக் காட்டும். வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி வரும் படங்களில் இந்தத் தெளிவுதான் முதலில் போகிறது. அந்தச் செயலி படத்தையும் காணொளியையும் இயல்பாகவே சுருக்கி அனுப்புகிறது. 2023 ஆகஸ்டில் வந்த ஹெச்.டி. தெரிவைத் தேர்ந்தோ, கோப்பாக இணைத்தோ அனுப்பினால் இழப்பு குறையும். நோய் கண்ட இலையை வேளாண் அலுவலருக்கு அனுப்புகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

நேரலை வேறு வகைச் சிக்கல். தஞ்சைப் பெரிய கோயிலில் 2020 பிப்ரவரி 5 அன்று நடந்த குடமுழுக்கைப் போன்ற பெரிய நிகழ்ச்சிகளுக்குத் தொலைக்காட்சிகளின் ஏற்பாடுகள் இருக்கும். கிராமத்துக் கோயில் விழாவையும் கல்யாணத்தையும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் உறவினர்களுக்காக நேரலையில் ஏற்றுபவர் உள்ளூர் வீடியோக்காரர். கைப்பேசி இணைப்பில் தரவிறக்கத்தைவிடத் தரவேற்றம் பொதுவாக ஒடுங்கியது. அதோடு, ஏற்றும் இடத்தில் தடங்கல் வந்தால் பார்ப்பவர் எவ்வளவு வேகமான இணைப்பு வைத்திருந்தும் பயனில்லை. எல்லாத் திரையிலும் ஒரே நேரத்தில் படம் நிற்கும். முகூர்த்த நேரத்தில் மண்டபத்தில் கூடியிருக்கும் அத்தனை பேரின் கைப்பேசிகளும் அதே கோபுரத்தில்தான் தொங்குகின்றன. அங்கே 1080 பி-யில் ஏற்ற முயல்வது வீம்பு. 480 பி-யில் தாலி கட்டுவது நிற்காமல் தெரிந்தால் போதும். தெளிவான பதிவைக் கேமராவிலேயே வைத்திருந்து பிறகு ஏற்றலாம்.

இணைப்புக்கேற்ற வடிவத்தைத் தேர்வது தனிமனிதரின் சாமர்த்தியத்துக்கு மட்டும் விடப்பட வேண்டியதல்ல என்பதை 2020 காட்டியது. நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்ட மார்ச் 24 அன்று, இந்தியாவின் பெரிய காணொளித் தளங்கள் கூடிப் பேசி, கைப்பேசி இணைப்புகளில் 480 பி-க்கு மேல் தருவதில்லை என்று தற்காலிகமாக முடிவெடுத்தன. நெட்வொர்க் தாங்கியது, பார்ப்பவர் யாரும் பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை. அதே காலத்தில் தமிழ்நாட்டு மாணவர்களுக்குப் பாடங்களைக் கொண்டுசேர்த்ததில் கல்வித் தொலைக்காட்சிக்குப் பெரும் பங்குண்டு. எத்தனை வீட்டில் பார்த்தாலும் ஒளிபரப்பு தேங்குவதில்லை; டேட்டாவும் கரைவதில்லை.

டெல்டாவுக்கு இதில் பழைய அனுபவமும் உண்டு. 1960-களில் ஆடுதுறையிலிருந்து வந்த ஏ.டி.டி. 27 என்ற குறுவை ரகம், திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்புகள் வழியே தஞ்சை மாவட்டத்தில் வேகமாகப் பரவியது. விவசாயிகள் அதை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். படமே இல்லாத ஊடகம் ஒரு மாவட்டத்தின் சாகுபடியை மாற்றிய கதை இது. 2004 அக்டோபரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இஸ்ரோவும் சேர்ந்து தொடங்கிய கிராம வள மையங்களில் ஒன்று திருவையாற்றில் அமைந்தது. தரைவழி இணைப்பு எட்டாத காலத்தில் செயற்கைக்கோள் வழியே விவசாயிகளும் வல்லுநர்களும் முகம் பார்த்துப் பேச முடிந்தது. கிடைத்த அலைவரிசைக்குள் எது அடங்குமோ அதைத் தேர்ந்துதான் இரண்டு முயற்சிகளும் வென்றன. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது மின்சாரமும் கைப்பேசிக் கோபுரங்களும் சேர்ந்தே வீழ்ந்தன. அப்படிப்பட்ட நாள்களில் குறுஞ்செய்தி முதலில், குரல் அடுத்து, காணொளி கடைசி என்ற வரிசை தவிர வேறு வழியில்லை.

வேளாண்மைத் துறையும், ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமும், நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களும் தாம் வெளியிடும் ஒவ்வொரு காணொளியோடும் வேறு மூன்றையும் சேர்த்துத் தர வேண்டும்: பழைய கைப்பேசியிலும் திறக்கும் ஹெச்.264 முறையில் 360 பி கோப்பு. பேச்சை மட்டும் கொண்ட ஒலிப்பதிவு. முக்கியக் காட்சிகளின் நிழற்படங்கள். மூன்று நிமிடக் காணொளி 360 பி-யில் 16 மெகாபைட்டுக்குள் அடங்கும். விடியற்காலையில் கோபுரம் ஓய்ந்திருக்கும்போது இறக்கி வைத்துக்கொண்டு, வயலில் சிக்னல் இல்லாவிட்டாலும் பார்க்கலாம். இதற்குப் புதிய கருவியோ நிதியோ வேண்டியதில்லை. ஏற்றும் ஊழியருக்குக் காணொளி ஒன்றுக்குச் சில நிமிட வேலைதான். அடுத்த குறுவைக்கு நாற்றங்கால் விடும் முன்பே இதைத் தொடங்கிவிடலாம்.